வெள்ளாளன்விளை அசரியா: ஆங்கிலேயர் அமர்த்திய பேராயரா, அவர்களைக் கேள்வி கேட்ட பேராயரா?

தேரிக்காட்டான்

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிச் சீமையின் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயர் ஞாயிறு பள்ளியிலேயே அறிமுகமாகிவிடும். ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபின், முதல் இந்தியப் பேராயர், நம் வெள்ளாளன்விளைக்காரர் என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

எனக்குப் புரியாதது இதுதான். 1912இல் திருநெல்வேலியில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பெரிய கோயில்கள் இருந்தன, படித்த குருமார் இருந்தார்கள். அப்படியிருக்க, இந்த மண்ணில் பிறந்தவரை நிஜாம் சமஸ்தானத்தின் ஒரு மூலையில், தோர்னக்கல் என்ற ரயில் சந்திப்பில் கொண்டுபோய்ப் பேராயராக வைத்தது ஏன்? அவரே விரும்பிப் போனாரா, இல்லை ஒதுக்கி அனுப்பப்பட்டாரா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய ஏடு

தம்பி, அவர் பேராயராவதற்காகத் தோர்னக்கல்லுக்குப் போகவில்லை. ஏற்கெனவே போயிருந்த இடத்துக்குத்தான் பேராயராக ஆக்கப்பட்டார். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது விளங்கும்.

1874 ஆகஸ்ட் 17இல் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் இந்துவாகப் பிறந்து, இளமையில் கிறிஸ்தவரானவர். மெஞ்ஞானபுரத்தை உருவாக்கிய மிஷனெரி ஜான் தாமஸ் ஐயரின் காலத்தில் வளர்ந்து குருவானவராகி, வெள்ளாளன்விளைச் சபையைக் கவனித்தார். தாய் எல்லன், ஒரு பெண் குழந்தைக்குப் பிறகு பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளை. வேதாகமத்து அன்னாள் சாமுவேலைக் கேட்டுப் பெற்றதை நினைத்து அந்தப் பெயரையே வைத்தார்கள். பையனுக்குப் பதினைந்து வயது ஆகும்போது தந்தை இறந்துவிட்டார். இரண்டாம் தலைமுறைக் கிறிஸ்தவர், கிராமத்துக் குருவின் மகன், வீட்டில் வசதி குறைவு. இந்தப் பின்னணியை மறக்காதீர்கள்.

மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே வில்லியம் மில்லரின் காலம். இறுதித் தேர்வு சமயத்தில் நோய் வந்ததால் பட்டம் கிடைக்கவில்லை. கடைசிவரை அவருக்கு பி.ஏ. இல்லை. 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்ததை இதனோடு சேர்த்துப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1895இல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் செயலராகச் சேர்ந்தார். 1909 வரை தென்னிந்தியா முழுக்க ரயிலிலும் மாட்டுவண்டியிலும் சுற்றினார். அமெரிக்கரான ஷெர்வுட் எடியோடு நட்பு அப்போது ஏற்பட்டதுதான். 1907இல் டோக்கியோவில் நடந்த உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்கும் போய்வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் ஆசியாவைப் பார்த்திருந்த திருநெல்வேலிக்காரர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்?

இதற்கு நடுவில்தான் தோர்னக்கல் வருகிறது. 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் விதி. வெளிநாட்டுக் காசு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அவர்கள் தேர்ந்தெடுத்த பணித்தளம்தான் தோர்னக்கல். அசரியா அந்தச் சங்கத்தின் முதல் செயலர். ஊர் ஊராகப் போய் "நீங்கள் ஏன் மிஷனெரியாகப் போகவில்லை?" என்று மற்றவர்களைக் கேட்டவர், ஒரு கட்டத்தில் அந்தக் கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டார். 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்கு, குருப்பட்டம் பெற்று, தெலுங்கு எழுத்து படிக்கத் தொடங்கினார். ஆகவே, அவரை யாரும் அனுப்பவில்லை. தன் சங்கத்தின் வயலுக்குத் தானே போனார்.

வட்டுக்கோட்டை வாசகன்

பழைய ஏடு ஐயா ஒன்றை விட்டுவிட்டார். அதை எங்கள் பக்கத்துப் பெருமையாக எடுத்துக்கொண்டாலும் சரிதான். 1902இல் அசரியாவும் எடியும் யாழ்ப்பாணம் வந்தார்கள். இங்கே கிறிஸ்தவ மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு மிஷனெரி சங்கம் நடத்தி, கடலுக்கு அப்பால் தொண்டிப் பக்கத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கையில் திருநெல்வேலிச் சபைகளுக்குப் பக்கத்தில்கூட வரமுடியாத சிறிய கூட்டம். அதைப் பார்த்தது அசரியாவுக்கு உறைத்தது. இவ்வளவு சிறிய யாழ்ப்பாணம் ஆள் அனுப்பும்போது திருநெல்வேலி ஏன் கைகட்டி நிற்கிறது என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் சங்கம் பிறந்துவிட்டது.

கேள்விக்குறி

எல்லாம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எழுதுகிற அனைவரும் சபைக்காரர்கள் போலத் தெரிவதால் வெளியாள் ஒருவன் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன்.

1912 எந்தக் காலம்? வங்கப் பிரிவினை, சுதேசி இயக்கம், எங்கும் கொந்தளிப்பு. ஆங்கிலேய அரசும் அதன் திருச்சபையும் "பார், உங்களில் ஒருவரை மேலே ஏற்றிவிட்டோம்" என்று காட்ட ஒரு முகம் தேடிய காலம் அது. எளிய குடும்பம், அரசை எதிர்க்காத சுபாவம், ஆங்கிலப் பேச்சு, பணிவு. பொருத்தமான ஆள். அவரை எந்தப் பெரிய நகரத்தின் பேராயராகவும் ஆக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலேய அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரும் கோயில் எதுவும் இல்லாத மூலையில் வைத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் அவர்முன் முழங்காலிட வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

இதைப் பெருமையாகக் கொண்டாடுகிறீர்களே, அதுதான் வியப்பு.

பழைய ஏடு

கேள்விக்குறி, உங்கள் ஐயத்தில் ஒரு பாதி சரி. மூலை என்பது தற்செயல் இல்லை. ஆங்கிலேய இந்தியாவில் பேராயர்கள் அரசின் ஆணைப்படி அமர்த்தப்பட்டார்கள். திருச்சபையின் ஒரு பகுதிக்கு இந்திய வருவாயிலிருந்தே சம்பளம் போனது. அந்த அமைப்புக்குள் ஓர் இந்தியரை நுழைப்பது சட்டச் சிக்கலாகவும் மானச் சிக்கலாகவும் பார்க்கப்பட்டது. நிஜாம் நிலம் ஆங்கிலேய இந்தியாவுக்கு வெளியே இருந்ததால் அந்தச் சிக்கல்களைச் சுற்றிப்போக வழி கிடைத்தது. வழியைக் கண்டுபிடித்தவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். தத்துவ அறிஞர் ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட்டின் அண்ணன். அவர் பிடிவாதமாக நின்றிராவிட்டால் இது இன்னும் இருபது ஆண்டு தள்ளிப்போயிருக்கும்.

ஆனால் "ஆங்கிலேயர் எல்லாரும் சேர்ந்து ஒரு முகத்தைத் தேடினார்கள்" என்பது நடந்ததோடு ஒத்துப்போகவில்லை. எதிர்ப்பு முதலில் வந்ததே ஐரோப்பிய மிஷனெரிகளிடமிருந்துதான். இந்தியர் ஒருவரின் கீழ் வேலை செய்வதா என்ற கேள்வி பல உருவங்களில் எழுந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களிலும் முணுமுணுத்தவர்கள் உண்டு. அதில் சாதியும் கலந்திருந்தது.

அவர்கள் மனத்தில் ஆப்பிரிக்காவின் சாமுவேல் அஜாயி குரோதர் இருந்தார். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட யொருபா இளைஞர். 1864இல் கான்டர்பரியில் பேராயராக அபிஷேகம் பெற்றார். நைஜர் ஆற்றங்கரையில் பணியாற்றினார். அவருடைய முதுமையில், 1890 வாக்கில், இளம் ஆங்கிலேய மிஷனெரிகள் வந்து அவருடைய உதவியாளர்களை ஒவ்வொருவராக நீக்கி, கிழவரை அவமானப்படுத்தினார்கள். 1891இன் கடைசி நாளில் இறந்தார். அவர் இடத்துக்கு மீண்டும் ஐரோப்பியர்தான் வந்தார். "உள்ளூர்க்காரரைப் பேராயராக்கினால் இப்படித்தான் முடியும்" என்று சொல்ல அந்தக் கதையை இருபது ஆண்டுகளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அசரியா தோற்றிருந்தால் ஆசியாவிலும் கதவு சாத்தப்பட்டிருக்கும். அந்தச் சுமை அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

பணிவானவர் என்கிறீர்கள். சரி, எடின்பரோவுக்கு வருவோம்.

1910 ஜூன், உலக மிஷனெரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பேர். அவர்களில் ஆசியர் இருபது பேருக்கும் குறைவு. மாலைக் கூட்டத்தில் அசரியாவுக்குக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்ளூர் ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு. நன்றி சொல்லிவிட்டு உட்காருவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் எழுந்து, மிஷனெரிக்கும் இந்திய ஊழியனுக்கும் இடையில் இருப்பது எஜமானன், வேலைக்காரன் உறவு என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரே மாவட்டத்தில் ஆண்டுக்கணக்கில் வேலைசெய்தும் இந்தியக் குருவின் வீட்டுக்குள் காலடி வைக்காத மிஷனெரிகளைப் பற்றிப் பேசினார். முடிவில் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார்.

அரங்கிலேயே முணுமுணுப்பு. இந்தியாவிலிருந்து வந்திருந்த சில மிஷனெரிகளுக்குக் கடுங்கோபம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, குருவாகி ஓராண்டு. பேராயர் பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரமும் அதுதான். பதவிக்கு ஆசைப்பட்டவன் அந்த மேடையில் அதைப் பேசுவானா?

கேள்விக்குறி

பேச்சு பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் "நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டாரே, "வெளியேறுங்கள்" என்று கேட்கவில்லையே. இரண்டுக்கும் நடுவில் ஒரு தேசிய இயக்கமே இருக்கிறது.

பழைய ஏடு

ஆமாம், அவர் அரசியல்வாதி இல்லை. அதை யாரும் சொல்லவுமில்லை.

1912 டிசம்பர் 29, கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம். வயது முப்பத்தெட்டு. தோர்னக்கல்லோடு சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயர் பொறுப்பும் சேர்ந்தது. வெள்ளையர் யாரும் அவருக்குக் கீழே இல்லை என்று எழுதினீர்களே, அது தொடக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். 1920ஐ ஒட்டி சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலேய மிஷனெரி சங்கங்களில், முன்னதன் கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்துப் பகுதிகளும் பின்னதன் தெலுங்குப் பகுதிகளும் அவருடைய பேராயர் மண்டலத்தில் இணைக்கப்பட்டன. மசூலிப்பட்டணம், ஏலூர், விஜயவாடா, நந்தியால் என்று ஆங்கிலேய இந்தியாவுக்குள்ளேயே எல்லை விரிந்தது. அங்கிருந்த ஆங்கிலேயக் குருமார் அவருக்குக் கீழ்ப்படிந்துதான் வேலை செய்தார்கள்.

தேரிக்காட்டான்

நன்றி ஐயா. சங்கத்தின் பணம் பற்றி ஒரு கேள்வி. வெளிநாட்டுப் பணம் இல்லாமல் எப்படி நடத்தினார்கள்? அன்றைய திருநெல்வேலிச் சபையில் பனையேறிகள்தானே பெரும்பாலும்?

நாசரேத் பேத்தி

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கைப்பிடி அரிசிதான். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கோழி, முட்டை, கருப்புக்கட்டி, வாழைக்குலை எல்லாம் வந்து ஏலம் போகும். இன்றைக்கும் எங்கள் பக்கம் அந்த ஏலத்தில் ஒரு முட்டை என்ன விலைக்குப் போகும் என்று பார்த்தால் தெரியும்! அசரியா இந்தப் பழக்கத்தைத் தோர்னக்கல்லிலும் வேரூன்றச் செய்தார். அங்கே கொடுத்தவர்கள் நம்மைவிட ஏழைகள். வெளிநாட்டுப் பணத்தில் வளர்ந்த சபைக்கு முதுகெலும்பு இருக்காது என்பது அவருடைய உறுதியான எண்ணம். காணிக்கை கொடுப்பது பற்றி ஒரு சிறு புத்தகமும் எழுதினார். அது பல மொழிகளுக்குப் போயிற்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதுவரை எழுதிய நால்வரில் ஒருவர்கூட அவர் மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அன்பு மரியம்மாள். 1898இல் திருமணம். வரதட்சணை வாங்கவில்லை. தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வகுப்புவரை படித்த முதல் சிலரில் அவரும் ஒருவர். நான்கு மகன்கள், இரண்டு மகள்கள். அந்தக் குடும்பத்தைச் சுமந்துகொண்டு, தெரியாத மொழி பேசும் ஊரில், தெலுங்குப் பெண்களுக்கு எழுத்தும் சுகாதாரமும் கற்பித்தவர் அவர். தோர்னக்கல்லில் உபதேசியார்களையும் குருமாரையும் பயிற்றுவித்தபோது அவர்கள் மனைவிமாரையும் கூடவே வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கிராமத்தில் அந்தப் பெண் வாயைத் திறக்காவிட்டால் அவள் கணவனின் பிரசங்கம் பாதி ஊருக்குத்தான் போய்ச்சேரும். பேராயருக்கு இது தெரிந்திருந்தது என்றால் வீட்டில் ஒருவர் தெரியவைத்திருக்கிறார் என்று பொருள்.

சிங்கரேணிக்காரன்

நான் நிலக்கரிச் சுரங்க வேலைக்காக அந்தப் பக்கம் போய் நீண்டகாலம் இருந்தவன். கிறிஸ்தவன் இல்லை. தோர்னக்கல் பேராலயத்தைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

முதல் பார்வையில் மசூதியா, கோயிலா, தேவாலயமா என்று தடுமாறவைக்கும் கட்டடம். மேலே குவிமாடங்களும் மினார் போன்ற கோபுரங்களும். உள்ளே கல்தூண்கள் நம் கோயில் மண்டபத்தில் இருப்பதைப் போன்றவை. தாமரை, வாழைப்பூ, ஊமத்தம்பூ வேலைப்பாடுகள். பன்னிரண்டு தூண்கள் பன்னிரண்டு சீடர்களுக்கு என்பார்கள். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் கட்டிய கோயிலைப் பாருங்கள், இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து பெயர்த்து எடுத்துவந்ததுபோல 192 அடி ஊசிக்கோபுரம். அந்த நிழலில் படித்த பையன் தனக்குக் கட்ட வாய்ப்புக் கிடைத்தபோது இப்படிக் கட்டியிருக்கிறார். கட்டி முடிக்க ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு. பஞ்சம் வந்தால் வேலை நிற்கும், காணிக்கை சேர்ந்தால் தொடரும். 1939 ஜனவரி 6இல்தான் பிரதிஷ்டை.

அந்தப் பக்கத்து முதியவர்கள் நாலு பேய்களைப் பற்றிச் சொல்வார்கள். அழுக்கு, நோய், கடன், குடி. இந்த நாலு பேயையும் ஓட்டவேண்டும் என்று பேராயர் ஊர் ஊராகச் சொன்னாராம். அங்கே மதம் மாறியவர்கள் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்ற, தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட இரண்டு தெலுங்குச் சாதியினர். நிஜாம் காலத்துத் தெலங்கானாவில் வெட்டிச் சாகிரி என்ற கூலியில்லா அடிமை வேலைக்குள் கிடந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஊரில் ஒரு வாத்தியார் வந்து, இரவில் விளக்கேற்றி, பிள்ளைக்கும் அப்பனுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை.

பழைய ஏடு

சிங்கரேணிக்காரன் சொன்னதோடு ஒன்று. ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கூட்டி, தலையில் கைவைத்துக்கொள்ளச் சொல்வார். "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பார். பவுலின் வார்த்தை அது. எழுத்தறியாத பண்ணையாளைப் பார்த்து, நீயும் ஊழியன்தான் என்று சொல்லும் ஏற்பாடு. 1930களில் அவர் மண்டலத்துக் கிறிஸ்தவர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியதற்குச் சம்பளக்கார மிஷனெரிகள் காரணம் இல்லை. அத்தனை பேருக்கு அவர்கள் போதவும் மாட்டார்கள். ஒரு சிற்றூரிலிருந்து அடுத்த சிற்றூருக்கு உறவுக்காரன் வழியாகத்தான் போயிற்று. அந்தத் தொகை அன்றைய பல மேற்கத்திய மறைமாவட்டங்களை மிஞ்சியது.

வழிபாட்டில் தெலுங்குக் கீர்த்தனைகள், கும்மி, தாளம். ஆனால் பொதுஜெப புத்தகத்தின் ஒழுங்கை விட்டுக்கொடுக்கமாட்டார். அந்த விஷயத்தில் ஆங்கிலேயரைவிட ஆங்கிலிக்கன் என்று சொல்லலாம். இது எனக்கு அவரிடம் பிடிக்காதது.

கேள்விக்குறி

இரண்டு லட்சம் என்று பெருமையாகச் சொன்ன இடத்தில்தான் காந்தி வருகிறார். அதை யாராவது தொடுவார்களா என்று காத்திருந்தேன்.

தீண்டாமை ஒழிப்பை இந்து சமயத்துக்குள்ளிருந்தே செய்யவேண்டும் என்று காந்தி உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அதே மக்களை இவர் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். எழுத்தறியாத, கடனில் மூழ்கிய மனிதன் ஊரோடு மதம் மாறுகிறான் என்றால் அது ஆன்மிகத் தேடலா? ஹரிஜன் இதழில் காந்தி இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

நாசரேத் பேத்தி

எழுத்தறியாதவனுக்கு ஆன்மிகம் தேட உரிமையில்லையா? பண்ணையாள் தன் பிள்ளைக்கு எழுத்து வேண்டும் என்று நினைத்தால் அது ஆசை. படித்தவர் கீதை படித்தால் அது தேடல். யார் வகுத்த கணக்கு இது?

பழைய ஏடு

அக்கா சொன்னதுதான் அசரியாவின் பதிலும், கொஞ்சம் மென்மையான மொழியில். ஒடுக்கப்பட்டவனுக்கு மனம் கிடையாது, அவன் பசிக்காக மட்டுமே முடிவெடுப்பான் என்று எண்ணுவது அவனை இழிவுபடுத்துவது என்ற பொருளில் அவர் வாதாடினார். காந்தியும் அவரும் ஒருவரையொருவர் மதித்தவர்கள்தான். ஆனால் இந்த ஒன்றில் இருவரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

கேள்விக்குறி விரும்பும் இன்னொரு விவரம் என்னிடம் இருக்கிறது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதியை எதிர்த்துக் காந்தி உண்ணாவிரதம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அதே தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதி கொடுத்தது. அதை எதிர்த்த கிறிஸ்தவத் தலைவர்களில் அசரியா முன்வரிசையில் இருந்தார். தனித் தொகுதி வந்தால் சபை இன்னொரு சாதியாகிவிடும், ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் வாக்குக் கணக்காகப் பார்ப்பார்கள் என்பது அவர் பயம். ஆங்கிலேயர் கொடுத்த சலுகையை ஆங்கிலேயர் அமர்த்திய பேராயர் வேண்டாம் என்கிறார்! முகமூடிக்கு வைத்த ஆள் இப்படிச் செய்வானா?

கேள்விக்குறி

இந்தத் தகவல் எனக்குப் புதிது, குறித்துக்கொண்டேன். 1935 சட்டத்தில் அந்தத் தனித் தொகுதி வந்தே தீர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் குரலுக்கு எடை எவ்வளவு என்பது அதில் தெரிகிறது. அதோடு, மாலருக்கும் மாதிகருக்கும் இடையிலான பகை சபைக்குள்ளேயும் தொடர்ந்தது. சாதியை ஒழித்த சபை என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

சிங்கரேணிக்காரன்

தொடர்ந்தது, தொடர்கிறது. நானே பார்த்திருக்கிறேன். கல்லறைத் தோட்டம்வரை போகும் சண்டை அது.

வட்டுக்கோட்டை வாசகன்

அம்பேத்கர் அவரைச் சந்தித்ததாக ஒரு செய்தி உண்டே? உண்மையா?

பழைய ஏடு

1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். அதற்குப் பிறகு நடந்ததாகத் திருச்சபை வட்டாரங்களில் பல காலமாகச் சொல்லப்படும் சம்பவம் அது. தாழ்த்தப்பட்ட மக்கள் இன்று இந்தியா முழுக்க ஒரே கூட்டமாக இருக்கிறார்கள், உங்களிடம் வந்தால் ஒரே சபையாக இருப்பார்களா, இல்லை ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று பிரித்துவிடுவீர்களா என்று அம்பேத்கர் கேட்டாராம். அசரியாவிடம் பதில் இல்லையாம். உரையாடல் சொல்லுக்குச் சொல் இப்படி நடந்ததோ இல்லையோ, அந்தக் கேள்வி அவரை ஏற்கெனவே பல ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருந்தது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம். முதல் புராட்டஸ்டன்ட் மிஷனெரி சீகன்பால்கு வந்திறங்கிய அதே தரங்கம்பாடி. முப்பத்துமூன்று பேர், அவர்களில் இருவர்தான் வெளிநாட்டினர். அசரியா தலைமை. பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, நாங்கள் ஒன்றாகப் போகிறோம் என்று அறிக்கை விட்டார்கள். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் நடந்த சண்டைக்காகக் கம்மத்துப் பண்ணையாள் ஏன் தன் மாமன் மகனோடு ஒரே பந்தியில் நற்கருணை எடுக்கக்கூடாது? 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த உலகத் திருச்சபைகளின் ஐக்கிய மாநாட்டில், மேற்கு நாடுகளில் பிரிவினை பலவீனம்தான், கிறிஸ்தவர் அல்லாதார் நடுவில் அது பாவமும் இடறலும் ஆகும் என்று சொன்னார்.

இருபத்தாறு ஆண்டு பேச்சுவார்த்தை. பேராயர் பதவியை ஏற்காத சபைகளுக்கும், அதை விடமுடியாத ஆங்கிலிக்கன் சபைக்கும் இடையில் சிக்கல். ஏற்கெனவே பட்டம் பெற்ற மற்றச் சபைக் குருமாருக்கு மறுபடி பட்டம் கொடுக்கவேண்டுமா என்பதில் இங்கிலாந்தில் பலர் கொதித்தார்கள். 1945 ஜனவரி 1 அன்று தோர்னக்கல்லில் அசரியா காய்ச்சலில் இறந்தார். அதே மாதம் இந்திய, பர்மா, இலங்கைத் திருச்சபையின், அதாவது இங்கிருந்த ஆங்கிலிக்கன் சபையின், பொதுக்குழு, தென்னிந்திய மண்டலங்கள் பிரிந்துபோய் ஐக்கியத்தில் சேர இசைவு கொடுத்தது. சில வாரம் இருந்திருந்தால் காதால் கேட்டிருப்பார். 1947 செப்டம்பர் 27, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

தேரிக்காட்டான்

அப்படியானால் அவருடைய சொந்த மண்டலம் முழுவதும் சேர்ந்ததா?

பழைய ஏடு

இல்லை. நந்தியால் பகுதி சேர மறுத்து வெளியே நின்றது. பல ஆண்டு கசப்பு. ஐக்கியத்துக்காக வாழ்நாளைச் செலவிட்டவரின் மண்டலமே இரண்டுபட்டது.

கேள்விக்குறி

என் கடைசிக் கேள்விக்கு யாரும் நழுவாமல் பதில் சொல்லவேண்டும். 1912இல் முதல் இந்தியப் பேராயர். நல்லது. இரண்டாவது எப்போது? மண்டலத்தின் முழுப் பொறுப்போடு, துணைப் பேராயராக அல்ல.

பழைய ஏடு

நழுவவில்லை. அவர் இறக்கும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், ஆங்கிலிக்கன் மண்டலம் ஒன்றின் முழுப் பொறுப்பில் இருந்த இந்தியர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் துணைப் பேராயர்கள். அவருடைய திருநெல்வேலிக்கே 1939இல் ஸ்டீபன் நீல் என்ற ஆங்கிலேயர்தான் வந்தார். தோர்னக்கல்லில் அசரியாவுக்கு அடுத்து அமர்ந்தவர் ஆந்தணி எலியட், அவரும் ஐரோப்பியர்தான். 1945 மே மாதம் திருவிதாங்கூருக்கு சி.கே. ஜேக்கப் வந்தபோதுதான் நிலை மாறியது. 1947இல் ஐக்கிய ஆராதனைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

கேள்விக்குறி

இதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரைக் காட்டி முப்பத்திரண்டு ஆண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

நாசரேத் பேத்தி

சபை அப்படித்தான் அவரைப் பயன்படுத்தியது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதற்கான பழி எடின்பரோவில் முகத்துக்கு நேரே பேசியவர்மேல் விழவேண்டாம். இங்கிலாந்துத் திருச்சபை இன்று ஜனவரி 2ஆம் நாளை அவர் நினைவு நாளாக வைத்திருக்கிறது. முதல் தேதி அவர்களுக்கு வேறு திருநாள் இருப்பதால் மறுநாள். நம் பக்கம் எத்தனை சபைகளில் அன்று அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

தேரிக்காட்டான்

எங்கள் சேகரத்தில் சொல்வதில்லை அக்கா. வரும் ஜனவரிக்குக் குருவானவரிடம் கேட்டுப்பார்க்கிறேன். சிங்கரேணிக்காரன் அண்ணனுக்கு ஒரு கேள்வி: பேராலயத்தைப் பார்க்க எங்களைப் போன்றவர்கள் எப்படி வரவேண்டும்?

சிங்கரேணிக்காரன்

சென்னையிலிருந்து விஜயவாடா வழியாகக் காசிப்பேட்டை போகும் தடத்தில் கம்மத்தை அடுத்து வரும் சந்திப்பு தோர்னக்கல். எல்லா விரைவு ரயிலும் அங்கே நிற்பதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கம்மத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் வந்துவிடாதீர்கள், அந்த வெயில் நம் தேரிக்காட்டு வெயிலையும் மிஞ்சும். ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்தால் உள்ளே தூண்களைப் பார்ப்பதோடு தெலுங்குக் கீர்த்தனையும் கேட்கலாம். பேராயரின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

கேள்விக்குறி

போகிறவர்கள் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கும்பிடுவதற்கு வரவில்லை, கட்டடத்தைப் பார்க்க வருகிறேன்.